கோணமானி அளந்த பீட்சா

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். இங்கு மூவரும் நலம், அப்பாவின் முதுகு நீங்கலாக. அங்கு நீயும் உன் அடுப்பும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவின் காது அங்கே வந்து நின்றுவிடும் என்பது உனக்கே தெரியும்.

அப்பா வாங்கித் தந்த வரைபட அலுவலக வேலையை விட்டுவிட்டு நீ பீட்சா கடை திறந்த அன்று அவர் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா பீட்சா கடை. இதுல உன் கடைக்கு யார் வருவாங்க? நான் ஆதாரத்தோட காட்டுறேன்." முப்பது வருடம் நகரத்தின் தெருக்களை அளந்து வரைந்தவர், சொன்னால் செய்யாமல் விடுவாரா? மறுநாளே ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, 'நகரின் சிறந்த பீட்சா கடைகள்: கள ஆய்வு' என்று எழுதி, அடிப்பாகம், சாஸ், சீஸ், ஓரம், வெட்டு என்று ஐந்து கட்டம் போட்டு, கட்டத்துக்கு இருபது மதிப்பெண் என்று வைத்தார். பட்டியலில் உன் கடை மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "பெத்த பொண்ணோட பரீட்சைப் பேப்பரை அப்பனே திருத்தக் கூடாதும்மா" என்றார்.

முதல் சனிக்கிழமை நூலகத்துக்கு எதிரே உள்ள கடை. பீட்சா வந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்து, "பன்னிரண்டு அங்குலம்னு போட்டிருக்கீங்க, பதினொண்ணரைதான் இருக்கு. மீதி எங்க?" என்று கேட்க, பரிமாறியவர் இவரை ஏதோ அதிகாரி என்று நினைத்து, "அடுப்புல சுருங்கிடுச்சு சார்" என்று சொல்ல, "இதென்ன சட்டைத் துணியா?" என்று இவர் கேட்க, முதலாளியே ஓடிவந்து மூன்று ஐஸ்கிரீமை இலவசமாக வைத்தார். ஆய்வு கெட்டுவிடும் என்று அப்பா தொடவில்லை. "நான் ஆய்வுல இல்லையே" என்று அம்மா மூன்றையும் சாப்பிட்டாள். அடுத்த வாரம் பஸ் நிலையத்துக் கடையில் சீஸ் எவ்வளவு நீளம் இழுபடுகிறது என்று பார்க்க அப்பா துண்டைத் தூக்கிக்கொண்டே எழுந்து நிற்க, நான் ஸ்கேலின் கீழ்முனையைப் பிடித்திருக்க, ஐம்பத்து மூன்று சென்டிமீட்டரில் அம்மா, "போதுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். "அறுபதைத் தொடட்டும்" என்று சொல்ல அப்பா திரும்பினார். சீஸ் மொத்தமும் மூக்குக் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டது. மூன்றாவது கடையில் காய்களைக் கிளறிக் கிளறிப் பார்த்து, "இதுக்கு அடியில பீட்சா இருக்கா, இல்ல இனிமே வருமா?" என்று கேட்டதில் பில் சீக்கிரமே வந்துவிட்டது. நான்காவது கடையில் அடிப்பாகம் கருகியிருக்கிறதா என்று பார்க்கப் பீட்சாவைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, தான் குனிந்து மேல்நோக்கிப் பார்த்தார் பார், அப்போது முதுகு பிடித்துக்கொண்டது. அதுவரை எந்தக் கடையும் அறுபத்து நான்கைத் தாண்டவில்லை.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. ஐந்தாவது சனிக்கிழமை அப்பா படுத்தபடியே, "நீங்க ரெண்டு பேரும் போய் ரயில் நிலையக் கடையில வாங்கிட்டு வாங்க" என்றார். அம்மா நேராக உன் கடைக்கு வந்தாள். "அப்பாவுக்காம்மா?" என்று நீ கேட்டாய். "அவருக்கு எதுக்கு, எனக்குத்தான்" என்றாள். அது பொய். ரயில் நிலையக் கடையில் ஒரு காலிப் பெட்டியைக் கேட்டு வாங்கி, வெளியே படிக்கட்டில் வைத்துப் பீட்சாவை மாற்றினோம். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். எனவே பாதிக் குற்றம் என்னுடையது.

அப்பா பெட்டியைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார். கோணமானியை எடுத்து ஒவ்வொரு துண்டையும் அளந்தார். எட்டுத் துண்டும் நாற்பத்தைந்து பாகை இருக்க வேண்டும் அல்லவா? ஒன்று அறுபத்திரண்டு, அதற்கடுத்தது இருபத்தொன்பது. (அக்கா, கோபித்துக்கொள்ளாதே, இது அளவு.) 'வெட்டு' கட்டத்தில் பூஜ்யம் போட்டார். பிறகு ஐந்து துண்டு சாப்பிட்டார். மொத்தம் எழுபத்தெட்டு. மற்ற நான்கு கட்டத்துக்கும் சேர்த்தே எண்பதுதான் என்பதைக் கவனி. "ஒரு தடவை அளந்தா தப்பு வரும். அடுத்த வாரமும் அதே கடை" என்றார். அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஐந்து வாரமாக இதுவே நடக்கிறது. முதுகும் சனிக்கிழமை தவறாமல் வலிக்கிறது. அம்மா வெந்நீர்ப் பையோடு அலைகிறாள்.

ஒரு வேண்டுகோள். கடையில் ஜன்னலோர மேசையில் 'முன்பதிவு' அட்டை வைத்து, இரண்டு மாதத்துக்கும் மேலாக யாரையும் உட்காரவிடாமல் இருக்கிறாய். யாருக்காக என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் நன்றாகக் கவனித்துச் சொல்கிறேன்: அப்பா வருவதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. வாசலில் காத்திருப்பவர்களுக்கு அந்த மேசையைக் கொடுத்துவிடு.

உன் மாவு நன்றாகப் பொங்கட்டும், உன் வாசலில் வரிசை நீளட்டும். அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்து எழுதினால் உண்மை ஆகாது.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதை நம்பாதே. உறையை ஒட்டும்போது அப்பா வந்து நின்று, "அக்காவுக்கா? இதையும் உள்ள வை" என்று கோணமானியை நீட்டினார். "அறுபத்திரண்டுக்குப் பக்கத்துல இருபத்தொன்பது. இவ்வளவு கோணலா வெட்ட இந்த ஊர்லயே ஒரு ஆள்தான் இருக்கு. என் டேபிள்ல ரெண்டு வருஷம் வேலை பாத்த கை, எனக்குத் தெரியாதா?" என்றார். அம்மா சமையலறையிலிருந்து வந்து, "தெரிஞ்சேதான் அஞ்சு வாரமா என்னை வெந்நீர்ப் பை தூக்க வச்சீங்களா?" என்றாள். "நீ அஞ்சு வாரமா ஒரே பெட்டியக் கொண்டு வந்தியே, அதோட மூலை கிழிஞ்சதக்கூட நான் கேட்டேனா?" என்றவர், இப்போது நன்றாகக் குனிந்து ஷூ நாடா கட்டுகிறார். "வெட்டு மட்டும் நேர்ல போய்ச் சொல்லிக் குடுத்தாத்தான் வரும். ஆய்வு முடிஞ்சுது, கிளம்புங்க" என்கிறார். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. உன் கடை வாசலில் நானே தருவேன். மேசையை யாருக்கும் கொடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். இன்னும் எழுத வேண்டும், ஆனால் அப்பா ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வருகிறார். இந்த அறை விளக்கையும் இதோ அணைத்துவிட்டார்.