அமாவாசையில் கை மாறாத கேமரா

தணிகை மலையடியில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் பெருமக்களே, மொட்டையடித்த தலையில் சந்தனம் காய நிழல் தேடும் பக்தகோடிகளே, பூமாலைகளுக்குத் தண்ணீர் தெளித்தபடி விலை சொல்லும் வணிகப் பெருந்தகையீரே, சற்றே செவி சாய்ப்பீராக! யூரியா மூட்டைகளின் நடுவே அமர்ந்து அண்டப் பெருவெளியை ஆராய்ந்த அறிவுக் கடல், பழைய கேமரா விளம்பரங்களின் பகைவன், பேரம் என்றால் நாக்கு உலரும் பெருவீரன், உரக்கடைக் கணக்கன் சூர்யபிரகாஷின் வெற்றிச் சரிதத்தை இதோ உரைக்கப் புகுகிறேன்.

அவன் வில்லெடுத்தவன் அல்லன். வாள் பிடித்தவனும் அல்லன். பேருந்தில் சன்னலோர இருக்கைக்காகக்கூட எவரோடும் வாதாடியதில்லை. ஆயினும், பெண் பார்க்கப் பள்ளிப்பட்டுக்குச் சென்ற நன்னாளில், கேசரித் தட்டும் கையுமாக மாடியில் தனித்து நின்றபோது, ஷோபனா என்னும் அந்தப் பெண் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச அப்பாவோடு போன ஓர் அமாவாசை இரவில், வானத்தின் குறுக்கே புகைபோல் ஓடிய விண்மீன் ஆற்றை அவள் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு படிப்பு, விடுதி, நகரத்து விளக்குகள் என்று எங்கெங்கோ போய்விட்டாள். அதைப் படமாக எடுக்க முடியுமா என்றாள்.

"இதெல்லாம் ஒரு விஷயமாங்க? எடுத்துடலாம்" என்றான் நம் வீரன்.

எத்தனையோ மன்னர்களைக் காட்டுக்கு அனுப்பிய வாக்குறுதிகளை நாம் அறிவோம். அவை யாவும் சற்றேனும் யோசித்துக் கொடுக்கப்பட்டவை. இதுவோ கேசரியை விழுங்கிக்கொண்டே கொடுக்கப்பட்டது.

திருமணம் முடிந்தது. திக்விஜயம் தொடங்கியது. புதிய கேமராக்களின் விலையைக் கண்டு, மத யானையைக் கண்ட பாதசாரிபோல் அவன் ஒதுங்கினான். ஆகவே பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றைத் தேடிப் புறப்பட்டான். அந்தோ, பழையன என்னும் அந்தக் கானகத்தில் எத்தனை மாயங்கள்! அரக்கோணத்தில் ஒன்று கிடைத்தது. ஃபுல் ஃப்ரேம் சென்சார் கொண்டது. அதாவது இருட்டை அகன்ற மார்போடு ஏற்கவல்லது. ஆனால் கூடவே வந்த லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. அதன் வழியே பார்த்தால் உலகமே சிலந்தி நெய்ததுபோல் தெரிந்தது. கே.ஜி.கண்டிகையில் இன்னொன்று. அது பார்த்த முகூர்த்தங்களுக்குக் கணக்கில்லை. பொத்தான்களின் இடுக்கில் சந்தனம். கைப்பிடியில் பன்னீர் வாசம். ஷட்டரோ ஒவ்வொரு முறையும் ஓய்வுபெற அனுமதி கேட்பதுபோல் இருமியது. கல்யாணத்துக்கு அது போதும். கல்யாணத்தில் விளக்குகள் உண்டு. விண்மீனைப் படம்பிடிக்கவோ அரை நிமிடம் ஷட்டரைத் திறந்துவைக்க வேண்டும். அப்போது சென்சாரில் உள்ள ஒவ்வொரு குறையும், கூட்டுக்குடும்பத்துக் குறைபோல, இருட்டில்தான் வெளியே வரும்.

இவ்வாறாக அவன் பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். ஒளியை உணரும் திறனை ஐஎஸ்ஓ என்றான். இருட்டில் சிவந்து மினுக்கும் பழுதுப் புள்ளியை ஹாட் பிக்சல் என்றான். சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டு, கேமராவைத் திறனாய்வு செய்யும் வீடியோக்களில் மூழ்கி, ரசம் தட்டைத் தாண்டி ஓடுவதை அறியாதிருந்தான். முருகப்பெருமானே சினம் தணிந்த ஊர் இது. இங்கே ஷோபனாவின் சினம் மட்டும் வளர்பிறையாய் வளர்ந்தது. ஆந்திர எல்லையோரம் என்பதால் இங்கே தமிழ் வீட்டுக் கணவனும் பாவாவே.

"பாவா, என்னைப் பார்க்க வந்தப்ப அரை மணி நேரத்துல புடிச்சிருக்குன்னு சொல்ட்டீங்க. ஒரு கேமராவப் புடிக்க ஒரு வருசமா?"

"அது வேற ஷோபனா. இது செகண்ட் ஹேண்ட். பார்த்துதான வாங்கணும்."

பதிலைக் கரண்டி சொன்னது.

அந்த வேளையில்தான் இடி இறங்கியது. ஷோபனா எழுதியிருந்த வங்கித் தேர்வில் வென்றாள், பணியாணை வந்தது, ஊர் சூரத். சனிக்கிழமை காலை ரயில். வீட்டில் இனிப்பு வழங்கப்பட்டது. மாமியார் தாயம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதார், பிறகு ஊறுகாய் போடப் போனார். இரவில் துணிகளை மடித்தபடி ஷோபனா தன் பிரகடனத்தை வெளியிட்டாள்.

"சனிக்கிழமை நான் போயிடுவேன். அங்க ராத்திரியெல்லாம் லைட்டா எரியும்னு சொல்றாங்க. அதுக்குள்ள எனக்கு அந்தப் படம் வேணும். கேமரா இல்ல பாவா. படம்."

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. மடித்த புடவையைத் தடவிக்கொண்டே சொன்னாள். பகைவரின் ஆயிரம் அம்புகளுக்கு அசையாத நம் வீரனின் நெஞ்சு, அந்தத் தடவலில் அசைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவன் பள்ளிப்பட்டுக்கு விரைந்தான். அங்கே பாலமுருகன் என்ற ஸ்டூடியோக்காரர் புதிய கேமரா வாங்கிவிட்டதால் பழையதை விற்கிறார் என்று விளம்பரம் கண்டிருந்தான். திரையைத் திருப்பி நிமிர்த்தும் வசதி, வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும் அகன்ற லென்ஸ், எட்டாத உயரத்தில் இல்லாத விலை! ஆயினும் சோதிக்காமல் ஏற்பானோ நம் வீரன்? லென்ஸை மூடியால் மூடினான். ஷட்டரை அரை நிமிடம் திறந்துவைத்தான்.

பாலமுருகன் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, மூடியப் போட்டுகினு இன்னாத்த எடுக்கற?"

"இருட்டத்தாங்க."

"இத்தினி வருசமா கல்யாணம் எடுத்துகினு இருக்கேன். இருட்டுக்கு யாரும் ஆர்டர் குடுத்ததில்ல."

திரையில் கருமை விரிந்தது. களங்கமற்ற கருமை! ஓரத்தில் இரண்டொரு சிவப்புப் புள்ளிகள் மட்டும், தோற்ற படையின் கடைசிக் காவலர்போல் நின்றன. சூர்யபிரகாஷின் கண்கள் பனித்தன. ஓராண்டுத் தவம் பலித்தது. இதுவே, இதுவே அந்தக் கேமரா! பொதட்டூர்பேட்டையிலிருந்து இன்னொருவரும் இதையே கேட்டுகினு இருக்கார் என்று பாலமுருகன் சொன்னபோது, இதுகாறும் எதையும் முடிவெடுத்திராத அந்த வாய் "நானே எடுத்துக்கறேங்க" என்று முழங்கியது. உடனே, இத்தகைய முழக்கத்துக்குப் பிறகு எந்த வீரனும் செய்வதைச் செய்தான். அம்மாவுக்குப் போன் போட்டான்.

"செவ்வாக்கெழம கைக்காச வெளிய குடுப்பாங்களாடா?" என்று ஒலித்தது தாயம்மாளின் அசரீரி. "நாளன்னிக்கு வியாழக்கெழம, நெறஞ்ச அமாவாச. அன்னிக்கு வாங்கு. வாங்கினது வூட்ல தங்கும்."

ஆகா! வானவியலும் அன்னையும் ஒரே நாளைச் சொல்வது எத்தனை யுகங்களுக்கு ஒருமுறை நிகழும்! நிலவற்ற வானம் படத்துக்கு. நிறைந்த நாள் வாங்குவதற்கு. வியாழன் மாலை வருவதாகச் சொல்லி, அரசகுமாரியை நிச்சயம் செய்தவன்போல் அவன் வீடு திரும்பினான்.

வியாழன் மாலை. ஷோபனா பின்னால் அமர, இருசக்கர ரதம் பள்ளிப்பட்டை அடைந்தது. மேகம் இல்லை. காற்று இல்லை. வெற்றித் திருமகள் வாசலில் கோலம் போட்டு வைத்ததுபோல் இருந்தது வானம். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து பாலமுருகனின் மனைவி தெலுங்கில் படபடவென்று பேசுவது கேட்டது. ஷோபனா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"தெலுங்குக்காரங்க வூடா? பேர்தான் சொன்னீங்க, இத சொல்லலியே பாவா!"

பாலமுருகன் வெளியே வந்தார். முகத்தில் அறம் குடிகொண்டிருந்தது. "தப்பா எடுத்துக்காத நைனா. நீ வியாழக்கெழமன்னதும் சரின்னுட்டேன். இன்னிக்கு அமாவாசன்னு காலையிலதான் பார்த்தேன். எங்க வூட்ல இன்னிக்குப் பொருள வெளிய குடுக்க மாட்டோம்."

"எங்க வூட்ல இன்னிக்குத்தாங்க வாங்குவோம்!"

"நாளைக்குக் காலையில வா. கண்ண மூடிகினு குடுக்கறேன்."

"நாளைக்குப் பிரதமைங்க. எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப சனிக்கெழம?"

சனிக்கிழமை ஷோபனாவின் ரயில்.

அறிவீர்களா, பெருமக்களே, இரு பஞ்சாங்கங்கள் மோதும் போரை? கொம்பும் முரசும் அங்கே இல்லை. இரு பேரரசுகளின் எல்லைக் கோடு அந்த வாசற்படியின் குறுக்கே ஓடியது. இந்தப் பக்கம் நிறைந்த நாள். அந்தப் பக்கம் நிறைவற்ற நாள். வாடகைக்குக் கேட்டான் சூர்யபிரகாஷ். வாடகையும் வெளியே போவதுதானே என்றது எதிர்ப்படை. இரவல் கேட்டான், அதுவும் வீழ்ந்தது. இறுதியில் ஷோபனாவின் முகத்தைப் பார்த்து மனமிரங்கிய பாலமுருகன், மாபெரும் சமாதான உடன்படிக்கை ஒன்றை முன்வைத்தார். கேமரா அவர் கழுத்தை விட்டு இறங்காது. ஆனால் படம் எடுக்க, அவரே அதோடு தம் கரும்பு வயலுக்கு வருவார்.

ஆகவே ஊருக்கு வெளியே, கரும்புத் தோட்டத்துக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் போர்க்களமாயிற்று. இருட்டு இறங்கியது. அதோ, தெற்கே எழுந்து தலைக்குமேல் ஓடியது விண்மீன் ஆறு! ஷோபனா மூச்சை நிறுத்தினாள். பாலமுருகனோ நிறுத்தவில்லை. அங்கேதான் அழிவு நேர்ந்தது. கேமரா சுவரின்மேல் வானம் பார்த்துக் கிடக்க, அதன் வார் அவர் கழுத்தில் மாட்டியிருக்க, நுகத்தடியில் பூட்டிய காளைபோல் அவர் குனிந்து நின்றார். அவர் மூச்சு விட்டபோதெல்லாம் வார் அசைந்தது. வார் அசைந்தபோதெல்லாம் அண்டம் அசைந்தது. முதல் படத்தில் கோடானுகோடி விண்மீன்களும் மண்புழுக்களாய் நெளிந்தன. இரண்டாம் படத்தில் அவை இன்னும் தடித்திருந்தன.

"மூச்ச அடக்குங்கண்ணா."

"அர நிமிசம் எங்க அடக்கறதும்மா? எனக்கு வீசிங் வேற."

மேற்கே மேகமொன்று, வரி வசூலிக்க வரும் அதிகாரிபோல் நிதானமாக எழுந்தது. ஓராண்டின் ஆராய்ச்சி யாவும், எல்லா வீடியோக்களும், எல்லா எண்களும் நம் வீரனைக் கைவிட்டு ஓடின. அவன் ஷோபனாவைப் பார்த்தான். அவள் மேகத்தைப் பார்த்தாள். பிறகு பாலமுருகனிடம் திரும்பினாள்.

"அண்ணா, இன்னிக்குக் குடுக்கக் கூடாது. சரி. மறந்து வெச்சுட்டுப் போகக் கூடாதா?"

பாலமுருகன் நிமிர்ந்தார். யோசித்தார். மரபின் நெடுஞ்சுவரில் அப்படி ஒரு சன்னல் இருப்பதை அவருடைய முன்னோர் எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"மறக்கறதுக்கு நாள் பார்க்கறதில்லதான்" என்றார் மெல்ல. கழுத்திலிருந்து வாரைக் கழற்றினார். ஷோபனா தன் துப்பட்டாவைச் சும்மாடாகச் சுருட்டிச் சுவரில் வைக்க, கேமராவை அதன்மேல் கிடத்தினார். உரத்த குரலில், "மோட்டாரு நிறுத்தினனோ இல்லியோ தெரீலயே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு கரும்புக்குள் நடந்தார். அங்கிருந்து அவர் குரல் வந்தது: "நான் ஒண்ணும் குடுத்துட்டு வரல, மறந்துட்டுத்தான் வந்தேன், ஆங்!"

எஞ்சியது கணப்பொழுது. ஐஎஸ்ஓ மூவாயிரத்து இருநூறா, ஆறாயிரத்து நானூறா என்று நம் வீரன் மீண்டும் தன் பழைய கானகத்துக்குள் புகப் பார்த்தான். ஷோபனா அவன் கையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையால் டைமர் பொத்தானை அழுத்தினாள். இருவரும் பின்வாங்கி நின்றார்கள். தவளைகள் ஓய்ந்தன. ஷட்டர் திறந்தது, வானம், அவசரமின்றி, அந்தச் சிறு பெட்டிக்குள் இறங்கியது.

திரை ஒளிர்ந்தது. புழுக்கள் இல்லை. கரும்பின் கருநிழலுக்கு மேலே, பொடித்த சுண்ணாம்பைக் காற்று இழுத்துச் சென்றதுபோல், நட்சத்திரங்கள் நட்சத்திரங்களாகவே ஓடின. அந்த வெளிச்சம் ஷோபனாவின் முகத்தில் பட்டது. அவள் திரையில் அந்த ஆற்றை விரலால் தொடர்ந்துகொண்டே போனாள்.

"இதேதான் பாவா" என்றாள் பிறகு. "நான் பார்த்தது இதேதான்."

வாழ்க சூர்யபிரகாஷ்! வாழ்க அவன் வாக்கு! கடலினும் பெரிதான அண்டத்தைத் துப்பட்டாச் சும்மாட்டில் ஏந்தியவன் வாழ்க! கேமரா அன்றிரவே பாலமுருகனின் கழுத்துக்குத் திரும்பியது. பேரண்டத்தையே பிடித்தவனின் வீட்டில், வெள்ளிக்கிழமை அந்தப் படம் அவர் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வந்தபோது திசைகள் எட்டும் வணங்கின. தாயம்மாள் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, "லென்ஸ தொடச்சுட்டு எடுக்கக் கூடாதாடா, ஒரே தூசி" என்றார். ஷோபனா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். படம் அவள் பெட்டியில், ஊறுகாய் பாட்டிலுக்கு எட்டாத பக்கமாக, புடவைகளின் நடுவே அரியணை ஏறியது. நாளும் கோளும் நகரும் வரை, இருளும் ஒளியும் உள்ள வரை, இந்த வெற்றி எல்லையின் இருபுறத்திலும் இரு மொழிகளிலும் பாடப்படும்!

சனிக்கிழமை காலை அரக்கோணத்தில் ஷோபனாவை ரயிலேற்றிவிட்டு, சூர்யபிரகாஷ் வரும் வழியில் தோசைமாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.