எந்த மோட்டாரும் பொருந்தும் கிரைண்டர்

படிப்பு தலைக்கேறினால், யார் மேலாவது மாவு கொட்டினால்தான் இறங்கும். எனக்கு அப்படித்தான் இறங்கியது. (கொட்டியது அடுத்தவர் சட்டையில்.)

அப்போது திருவொற்றியூரில் ஓர் அண்ணாச்சியின் கிரைண்டர் பட்டறையில் நான் டிசைன் இன்ஜினியர். (டிசைன் பிரிவே நானும் ஒரு லேப்டாப்பும்தான்.) நான் வரைந்த புது கிரைண்டருக்கு ஒரே ஒரு வெளிநாட்டு மோட்டார்தான் பொருந்தும். அதை ஏற்றி வந்த கப்பலோ நடுவழியில் எங்கோ மாட்டிக்கொண்டது. சனிக்கிழமை மீஞ்சூர் கடைக்காரர் சாம்பிள் மெஷினைப் பார்த்து ஆர்டர் கொடுக்க வருகிறார். ஆர்டர் போனால் உன் வேலையும் போகும் என்று அண்ணாச்சி அன்பாகவே சொன்னார்.

இரண்டே நாளில் அடித்தட்டை மாற்றினேன். எந்த மோட்டாரையும் மாட்டும்படி நீள நீளமாகத் துளைகள். இனி எந்தக் கப்பல் எங்கே நின்றால் நமக்கென்ன! கர்வம் தாங்கவில்லை. கையில் கிடைத்த தண்ணீர் பம்பு மோட்டார் ஒன்றை மாட்டச் சொன்னேன்.

ஃபிட்டர் ஸ்டெல்லா, ராயபுரத்துப் பெண், பார்த்ததுமே சொன்னாள்: "சார், இது டபுள் ஸ்பீடு. பெல்ட் சுத்துற மோட்டார் புல்லிய சின்னதா மாத்தினாதான் சரிப்படும்."

"டிசைன் என் வேலை. நீங்க ஸ்க்ரூவை முடுக்குங்க" என்றேன். (இந்த வாக்கியத்துக்காக இன்றுவரை பாத்திரம் கழுவுகிறேன்.)

வெள்ளைச் சட்டையில் வந்த கடைக்காரர் கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்தார். நான் ஊறிய அரிசியைக் கொட்டிச் சுவிட்சைப் போட்டேன். அரைபட்ட மாவு மொத்தமும் வெளியே பாய்ந்து அவர் சட்டைக்கு வந்துவிட்டது.

"இன்னா நைனா, மாவாட்ட சொன்னா எனக்கு வெள்ளையடிச்சிக்கினு கீற?"

"ஏல, என்னல செஞ்சு வச்சிருக்க?" என்று அலறினார் அண்ணாச்சி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டெல்லா மட்டும் யாரையும் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, சின்ன புல்லியை மாட்டி, மறுபடி அரிசி போட்டாள். கிரைண்டர் சமர்த்தாகச் சுற்றியது. கடைக்காரர் புது மாவை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"பதம் ஷோக்கா கீது. ஆர்டர் அந்தப் பொண்ணுக்காகத்தான், உனக்கில்ல."

அடுத்த வருடம் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம். கடைக்காரர் வந்து ஒரு மழைக்கோட்டைப் பரிசளித்தார். இன்றும் வீட்டில் நான், "கவலைப்படாதே, எது வந்தாலும் சமாளிக்க ஒரு ஐடியா வெச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தால், ஸ்டெல்லா உள்ளே போய் அந்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறாள்.