மளிகைக் கணக்கில் ஒரு கடைவாய்ப் பல்

டிவியில் கோட்டு போட்ட ஒரு பெண், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் மளிகைக்கு எவ்வளவு ஆகிறது என்று படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் சத்தத்தைக் குறைத்தார். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தால் தன் சத்தத்தைக் கூட்டப்போகிறார் என்று அர்த்தம்.

"ஏம்மா, கேட்டியா?"

சமையலறையில் இருந்த மருமகளுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி பாத்திரத்தை உருட்டினாள்.

"நாலு பேருக்கு ஆகுறதைச் சொல்றா. நம்ம வீட்லயும் நாலு பேர்தான். ஆனா நமக்கு ஆகுறதுல பாதியைச் சொல்றா!"

"அவங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்களா இருக்கும் மாமா."

வார்த்தைகள் கொஞ்சம் கொழகொழவென்றுதான் வந்தன. அவளுடைய இடது கன்னத்துக்குள் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். கடைவாய்ப் பல் சொத்தையாகி வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. தெருவில் அவளுக்குப் பெயரே கிராம்பு. 'கிராம்பு வீட்டுத் துணி காயுது', 'கிராம்பு மக நல்லாப் படிக்குது' என்று ஆகிவிட்டது.

பல் டாக்டர் வீண்செலவு என்பது மாமனாரின் கட்சி. "எனக்கு அத்தனை பல்லும் தானாத்தான் விழுந்துச்சு. பைசா செலவில்ல" என்று ஈறு தெரியச் சிரிப்பார். மகனின் சம்பளம் அவர் கைக்குத்தான் வரும். மளிகைக்கு அவர்தான் எண்ணிக் கொடுப்பார். கணவனிடம் பல் வலிக்கிறது என்று சொன்னால், "உப்புத் தண்ணியில கொப்பளி. அப்பாகிட்ட சமயம் பார்த்துச் சொல்றேன்" என்பான். அந்தச் சமயம் அப்பாவை விடக் கெட்டிக்காரச் சமயம். யார் கண்ணிலும் படவில்லை.

அதனால் கிராம்பு ஒரு வழி கண்டுபிடித்தாள். கடையில் ஒரு விலை, வீட்டில் ஒரு விலை. எல்லாப் பொருளிலும் துளித்துளியாகக் கூட்டிச் சொல்வாள். அப்படி மிஞ்சியதை வீட்டில் வைக்க முடியாது. மாமனார் கை நுழையாத டப்பா அந்த வீட்டில் கிடையாது. எனவே அதை மளிகைக் கடைக்கார அக்காவிடமே கொடுத்துவைத்தாள். பல்லைப் பிடுங்க டாக்டர் கேட்ட தொகைக்கு இன்னும் ஒரு மாத மளிகைதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் டிவிக்காரி வந்து சேர்ந்தாள்.

கிராம்பு கூட்டிச் சொன்னதைக் கழித்துவிட்டாலும், டிவிக்காரி சொன்ன தொகையில் மாதம் முழுக்க அடுப்பு எரியாது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமானால் முதலில் கழித்துக் காட்ட வேண்டும்.

"நாம நல்ல எண்ணெய் வாங்குறோம் மாமா. அதான் கூட ஆகுது."

"அப்படியா? இனிமே கெட்டதே வாங்கு."

மறுநாளிலிருந்து மலிவு எண்ணெய் வந்தது. வீடே இருமியது. இருமலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணெய்ப் பாக்கெட்டின் மேல் விலையைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். அதில் ஒரு காசு கூட்டிச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அதிகம் மிஞ்சியதே எண்ணெயில்தான்.

மாமனாருக்கு அதிலும் திருப்தி இல்லை. "எண்ணெயை மாத்தியும் பாதிக்கு வரலையேம்மா?"

"உங்க பிள்ளைதான் மாமா… சாதம் கொஞ்சம் தாராளமாப் போட்டுக்கறார்."

தட்டில் கை வைத்திருந்த கணவன் நிமிர்ந்தான். "நானா?"

"நீ சாப்பிடுடா. சம்பாதிக்கிறவன் சாப்பிடாம?" என்றார் மாமனார். ஆனால் அன்று சாயங்காலமே பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு தராசு வாங்கிவந்து சமையலறை மேடையில் வைத்தார். "ஆழாக்கால அளந்து போடுறதெல்லாம் ஏமாத்து வேலை. நிறுத்துப் போடு."

முதலில் மாமனாருக்கு நிறுத்தாள். அப்புறம் கணவனுக்கு, அப்புறம் மகளுக்கு. கடைசியில் அவள் பங்குக்கு வந்தபோது தராசு முள் எழுந்திருக்கவே சோம்பல்பட்டது.

"அம்மா, உனக்கு அவ்வளவுதானா?" என்றாள் மகள்.

"பல்லு வலிக்குதுடி. மெல்ல முடியல."

"பார்த்தியா, பல்வலியிலயும் ஒரு லாபம் இருக்கு" என்றார் மாமனார். நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்துக் கணவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமனார் அடுத்த குண்டைப் போட்டார். "நாளைக்கு எதிர்வீட்டு டிரைவர் சம்சாரத்தைக் கேக்கப்போறேன். அதே கடையிலதானே வாங்குறா? எது என்ன விலைன்னு ஒண்ணொண்ணா கேட்டுக்கறேன்."

கிராம்புக்குப் பல்லுக்குள் யாரோ சுத்தியலால் தட்டியது போலிருந்தது.

"அடுத்த வீட்டுல போய்க் கேட்டா நமக்குத்தானே மாமா கேவலம்? இந்த மாசம் உங்க பிள்ளையையே கடைக்கு அனுப்புங்க. அவர் வந்து சொன்னா நம்புவீங்கல்ல?"

"என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான்."

"சொல்லவே மாட்டார் மாமா."

அவள் தைரியமே அதுதான். கணவனுக்குத் துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பேரம் பேசக் கூச்சம். கடையில் என்ன விலை சொல்கிறார்களோ அதைக் கொடுத்துவிட்டு, அப்படியே அப்பாவிடம் வந்து ஒப்பிப்பான். ஆக, கடைக்கார அக்காவின் வாயைச் சரிசெய்துவிட்டால் போதும்.

கடைக்கார அக்கா கல்லாவுக்குப் பின்னால் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். மனசும் உடம்பும் பெரிசு. தெருப் பெண்கள் பாதிப் பேருடைய ரகசியம் அந்தக் கல்லாவின் கீழ் அறையில் கிடந்தது.

"நாளைக்கு என் வீட்டுக்காரர் வருவார்க்கா. நான் வீட்ல சொல்ற விலையையே அவர்கிட்டயும் சொல்லிருங்க. கூட வர்றதை என் பணத்தோட சேர்த்து வெச்சிருங்க."

"எனக்குக் கொள்ளை விலைக்காரின்னு பேரு வரும்."

"ஒரே ஒரு மாசம்க்கா. அதோட டாக்டர் கேட்டது சேர்ந்துரும்."

அக்கா அவள் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். "சரி போ. உன் பல்லைப் பார்த்தா எனக்கே வலிக்குது. ரெண்டு கிராம்பு எடுத்துக்க. காசு வேணாம்."

மறுநாள் கணவன் போனான். போனவன் வர வெகுநேரம் ஆயிற்று. வந்து மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தொகையைச் சொன்னான்.

மாமனார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கிராம்பும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் கூட்டிச் சொன்ன எந்தத் தொகையை விடவும் அது அதிகம்.

"என்னடா சொல்ற?"

"விலைவாசி அப்படி இருக்குப்பா. கேட்டுக் கேட்டு என் தொண்டையே வறண்டுபோச்சு."

மாமனார் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தார்.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேம்மா. தப்பு என் மேலதான். இத்தனை விலையில நீ எப்படித்தான் கட்டுப்படியாக்கினியோ."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. அவள் எச்சிலை விழுங்கினாள். வாயிலிருந்த கிராம்பும் அதோடு உள்ளே போய்விட்டது.

ஆனால் நல்ல வார்த்தைக்குப் பின்னாலேயே நடவடிக்கை வந்தது. விலை உண்மை என்றால் செலவைக் குறைக்க ஒரே வழி, சாப்பாட்டைக் குறைப்பதுதானே? டீ ஒரு வேளை. பருப்பு ஒருநாள் விட்டு ஒருநாள். முட்டை மகளுக்கு மட்டும், அதுவும் பரீட்சை இருந்தால்.

"அப்புறம் அந்தக் கிராம்பு" என்றார் மாமனார். "என்ன விலைன்னு நீயே பார்த்தல்ல? வாயில போட்டுத் துப்புறதுக்கா அது?"

"இல்ல மாமா. வேணாம்."

"இனிமே மாசாமாசம் இவனே கடைக்குப் போகட்டும். உனக்கும் அலைச்சல் மிச்சம்."

"நான் போறேம்பா. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றான் கணவன். இப்படி ஒரு வேலையை அவன் தானாக ஏற்றுக்கொண்டதை அவள் பார்த்ததில்லை. பாவம், நம் வலியைப் பார்த்து மனசு இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அவன் புது ஷூ போட்டுக்கொண்டு வந்தான். பழுப்பு நிறம். நடந்தால் கிறீச் கிறீச் என்று முற்றம் முழுக்கப் பேசியது.

"என்னடா விலை?" என்றார் மாமனார் உடனே.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் சும்மா கொடுத்தாங்கப்பா."

"ஆபீஸ்னா அது ஆபீஸ்!"

கிராம்பு இல்லாத கிராம்புக்குக் கன்னம் பன்னாக வீங்கிவிட்டது. கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. தராசில் அவள் பங்கை வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஒருநாள் காலை மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு கடைக்கு நடந்தாள். நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. பணம் சேர்ந்திருக்கும். இங்கிருந்து நேரே டாக்டரிடம் போய்விடலாம். மாமனார் கேட்டால் பல் தானாக விழுந்துவிட்டது என்று சொல்லலாம். அவர் பெருமைப்படுவார்.

கடையில் கூட்டம் இல்லை. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றாள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? நான் சொன்ன விலைக்கும் மேல போட்டுட்டீங்களே! வீட்ல டீயையே ஒரு வேளையாக்கிட்டாங்க. சரி, போகட்டும். என் பணத்தைக் கொடுங்க. டாக்டர்கிட்ட போகணும்."

அக்காவின் விசிறி நின்றது.

"எந்தப் பணம்? அதைத்தான் தம்பிகிட்ட அன்னிக்கே கொடுத்துட்டேனே! அவரே சொன்னாரும்மா, 'வீட்ல பல்வலியில துடிக்கிறா. அப்பாவுக்குத் தெரியாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். விலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கொடுங்க'ன்னு. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. அவ கொடுத்துவெச்சதும் இருக்கு தம்பி, சேர்த்து எடுத்துட்டுப் போங்கன்னு மொத்தத்தையும் நானே எடுத்துக் கொடுத்தேன். இப்படி ஒரு புருஷன் யாருக்கு அமையும்? எங்க, வாயைத் திற பார்ப்போம், எந்தப் பல்லை எடுத்தாங்க?"