குகைக்குள் கை நனைத்த கதை

பெண் பார்க்கப் போகிற ஆண்பிள்ளைக்கு அன்று ஒருநாள் மட்டும் புத்தி லீவு போட்டுவிடும். என் புத்தி பரிசலிலேயே ஏறவில்லை.

எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் கொடுப்பதில் மாப்பிள்ளை கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அந்த வம்பே வேண்டாமென்று பாலக்கோட்டிலிருந்து நாங்களும் அரூரிலிருந்து அவர்களும் ஒகேனக்கல்லில் ‘தற்செயலாக’ சந்தித்துக்கொண்டோம்.

“ஒரு வாய் தண்ணிகூட வாங்கிக் குடிச்சிராதடா. இன்னும் ரெண்டு எடம் பாக்கணும்” என்றார் அம்மா. எனக்கோ புவனாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து வேறு இடமே வேண்டாம். அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்பதுதான் கவலை.

பரிசல் எங்களை ஆற்று நடுவே ஒரு பாறைத் தீவில் இறக்கியது. அங்கே ஆள் தவழ்ந்து போகிற அளவில் சின்னச் சின்னக் குகைகள். (ஆள் என்றால் ஒல்லியான ஆள்.) “இதெல்லாம் சும்மாங்க” என்று எல்லோரும் பார்க்க ஒன்றுக்குள் நுழைந்தேன். தலை போனது, தோள் போனது. இடுப்பு வர மறுத்துவிட்டது.

புவனாவின் அப்பா காலைப் பிடித்து இழுத்தார். (கல்யாணத்தில் பிடிக்க வேண்டிய கால்.) செருப்பு மட்டும் அவர் கையோடு போனது. பாறைச் சூட்டில் நாக்கு வறண்டது. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போது எதிர்ப்பக்கத்து ஓட்டையில் செல்போன் வெளிச்சம் தெரிந்தது. புவனா!

“பயப்படாதீங்க. மொதல்ல இந்த மோரக் குடிங்க.”

“அம்மா குடிக்கக் கூடாதுன்னாங்க.” (எனக்கு அப்போது வயது முப்பது.)

“அப்ப எடுத்துட்டுப் போயிரட்டுங்களா?”

பாட்டிலைப் பிடுங்கிக் குடித்தேன். ஒரு முறுக்கும் நீட்டினாள். அதையும் தின்றேன்.

“மூச்ச முழுசா வுட்டு வயித்த எக்குங்க. அப்பா, இப்ப இழுங்க!”

வெளியே வந்து மல்லாக்க விழுந்தேன். என் மீசையில் ஒட்டியிருந்த மோரைப் பார்த்த அவள் அப்பா, “மாப்ள கை நனைச்சிட்டாருங்க!” என்று தீவே கேட்கக் கத்தினார். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து, “அந்த முறையெல்லாம் உனக்குத் தெரியாதா?” என்று புவனாவைக் கேட்டேன்.

“மோரு பாவம்னு குடுத்தேங்க. முறுக்கு தெரிஞ்சேதான் குடுத்தேன்” என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வருஷம் வீடு கட்டினோம். வாசக்கால் வைக்கிற அன்று மாமனார் மேஸ்திரியைக் கூப்பிட்டு, “மாப்ள நுழைவாரான்னு பாத்து வையுங்க” என்றார். சொந்தபந்தம் அத்தனையும் சிரித்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்காமல், டேப்பை எடுத்து வந்து என் இடுப்பைச் சுற்றி அளந்தார்.