லாபிரின் பிரெஞ்சு

காற்றுக்காலம் வந்தால் கல்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் வருவார்கள், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குவதற்கு. எத்தாளையில் இரண்டு அறை வைத்து வாடகைக்கு விடுகிற லாபிர் அந்த வருஷம் பெரிய தீர்மானம் ஒன்று எடுத்தார். தன் தங்குமிடத்தின் இணையப் பக்கத்தில், 'இங்கு பிரெஞ்சு பேசப்படும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். மூன்றாம் நாளே மதாம் ஒடீல் என்ற பிரெஞ்சுக்காரப் பெண்மணி, தானும் புருஷனும் ஒரு மாதம் தங்க வருவதாக எழுதினார்.

அதற்குப் பிறகுதான் லாபிர் பிரெஞ்சு படிக்க உட்கார்ந்தார்.

இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. புத்தளத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் அவருக்கு ஒரு பழமொழிப் புத்தகம் அகப்பட்டது. இடது பக்கம் ஆங்கிலப் பழமொழி, வலது பக்கம் அதே கருத்துள்ள பிரெஞ்சுப் பழமொழி. ஒரே புத்தி இரண்டு நாட்டில் இரண்டு உடுப்புப் போட்டு நின்றது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆங்கிலத்தில் ரோமாபுரி வருகிற இடத்தில் பிரெஞ்சில் பாரிஸ் வந்தது. இங்கே கோழிக்குஞ்சு என்றால் அங்கே கரடி. இருநூறு சோடியையும் பாடமாக்கினார்.

மனைவி ஸுல்பிகா குசினியில் தேங்காய் துருவியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். "கடைசி எழுத்த விழுங்கிச் சொல்லுங்க" என்றாள் ஒருநாள். இன்னொரு நாள், விருந்தாளி சோறு கேட்டால் எந்தப் பழமொழியைச் சொல்லுவீர்கள் என்று கேட்டாள். குசினிக்குள் நிற்கிறவளுக்குப் பாஷையைப் பற்றி என்ன தெரியும் என்று லாபிர் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன் விறாந்தை தன்னுடையது, குசினி அவளுடையது என்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்தார். அவள் தலையை ஆட்டினாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். மதாம் ஒடீல் முகம் துடைக்கத் துவாய் எங்கே என்று கேட்டார். லாபிர் பொறுமை பற்றிய பழமொழியைச் சொன்னார். கடற்கரைக்கு வழி கேட்டார். பாரிஸ் வருகிற பழமொழி கிடைத்தது. தன்னுடைய ஊரைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்து மதாம் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு நாள் இப்படியே மரியாதையாகப் போனது. லாபிருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய்க் கறி. மதாம் ஒடீல் கறியைக் காட்டி நீளமாக ஏதோ கேட்டார், புருஷனின் தொண்டையையும் தொட்டுக் காட்டினார். லாபிர் சிரித்த முகத்தோடு கரடிப் பழமொழியை எடுத்துவிட்டார். மதாம் விளங்காமல் புருஷனைப் பார்த்தார். புருஷன் தோளைக் குலுக்கிவிட்டுக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார்.

குசினியிலிருந்து ஸுல்பிகா பாய்ந்து வந்து கரண்டியைத் தட்டிவிட்டாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து வந்தது பிரெஞ்சு. கடைசி எழுத்தெல்லாம் விழுங்கின பிரெஞ்சு. மதாம் ஒடீல் எழும்பி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

விஷயம் பிறகுதான் லாபிருக்குத் தெரிந்தது. அந்த மனிதருக்கு இறால் ஆகாது. முன்பு ஒரு முறை தெரியாமல் சாப்பிட்டு, தொண்டை வீங்கி, மூச்சு நின்று பிழைத்தவர். இதில் இறால் இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கறியில் ஸுல்பிகா கூனி இறாலை அரைத்துப் போட்டிருந்தாள், கண்ணுக்குத் தெரியாது.

லாபிர் குசினிக்குப் போய் வாங்கில் உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று பலமுறை சொன்னார். கலியாணத்துக்கு முன் ஸுல்பிகா பெய்ரூட்டில் நான்கு வருஷம் வீட்டு வேலை செய்தவள். அங்கே அரபு மட்டும் படித்திருப்பாள் என்று லாபிர் நினைத்திருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவளோடு பிரெஞ்சில்தான் கதைத்தார்களாம்.

"நீ இல்லாட்டி இன்டைக்கு ஒரு உசிரு போயிருக்கும் புள்ள" என்றார். இனி விறாந்தையும் உன்னுடையதுதான் என்றார். மனதாரத்தான் சொன்னார். அவள் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

பிறகு தயங்கித் தயங்கி, "இந்த ரெண்டு நாளும் என்னைப் பத்தி அந்த மனிசி என்ன நினைச்சாவாம்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு மூளையில ஏதும் சுகமில்லையான்னு கேட்டா. அப்படியில்ல, இவர் பெரிய ஞானி, கேட்டதுக்குப் பதில் சொல்லமாட்டாருன்னு சொல்லி வச்சேன்."

லாபிருக்கு உயிர் திரும்பி வந்தது. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று கண் கலங்கியது. "ஞானின்னா சொன்ன?"

"ஓம். இன்டையிலிருந்து அவங்க போற நாள் வரைக்கும் நீங்க வாய் திறக்கமாட்டீங்கன்னும் சொல்லியாச்சு."

ஒரு மாதமா என்று கேட்க லாபிர் வாயைத் திறந்தார். வாசலில் மதாம் ஒடீல் கைகூப்பிக்கொண்டு நின்றார். லாபிர் வாயை மூடிக்கொண்டார்.