போனுக்கென்று ஓர் இடம்

'அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்' என்று சொல்லியே வாழும் மனித இனம் ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நாற்காலியை நகர்த்தினால் முகம் கோணும். காலண்டரை வேறு ஆணியில் மாட்டினால் சாப்பாடு இறங்காது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இந்த இனத்துக்குத் தேர்தல் வைத்தால், கங்காணி வேலை பார்த்து ஓய்வுபெற்ற மண்டோர் செல்லையா போட்டியின்றி ஜெயிப்பார்.

அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு வந்த டெலிபோன் லைன் ஒவ்வொரு மழைக்கும் செத்துச் செத்துப் பிழைத்தது. ஒரு மழைக்குப் பிழைக்கவில்லை. தானா ராத்தா டவுன் கடையில், மலிவான மாதக் கட்டணத்தில் வயரில்லாத வீட்டு போன் கிடைத்தது. வீட்டில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார் கடைக்காரர். செல்லையா என்ன செய்தார்? பழைய போன் இருந்த ஹால் மூலையில், அதே ஸ்டூலில், அதே பூப்போட்ட துணியை விரித்து, புதியதை அதன்மேல் உட்காரவைத்து, அதுவும் போதாமல், செத்த லைனின் வயரை இழுத்து அதன் பின்னால் கட்டியும் விட்டார். வயரில்லாத போனை யார் மதிப்பார்களாம்?

அந்த மூலையில் சிக்னல் இல்லை. எதிர்மேட்டு டவர் சமையலறை ஜன்னலுக்கு மட்டுமே முகம் காட்டும்.

அவசரம் அவர் மனைவி பவளத்துக்கு. கண்ணில் புரை முற்றி, உப்பா சீனியா என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் சமைக்கிறாள். முற்றிய புரைக்குச் சொட்டுமருந்து உதவாது, ஆபரேஷன்தான். இடம் காலியானால் கூப்பிடுவோம், போனை எடுக்காவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"அரிசி டின்னு மேல வைங்களேன். அங்கதான் மணி அடிக்கும்."

"அடுப்படியில வைக்க அது என்ன அகப்பையா?"

அவர் முடிவெட்ட ரிங்லெட் டவுனுக்குப் போன காலையில் பவளம் வயரை அவிழ்த்தாள், போனை அரிசி டின்மேல் வைத்தாள், ரசத்துக்குப் புளி கரைத்தாள். மணி அடித்தது. புளிக்கையோடு எடுத்தாள். மறுநாளே வரச் சொன்னார்கள்.

திரும்பி வந்த செல்லையாவுக்கு, வெறும் ஸ்டூலைப் பார்த்ததும் மூச்சு ஏறியது. சேதி கேட்டதும் இறங்கியது. பொழுது சாய்வதற்குள், டவர் பார்க்கும் திசையைக் கண்டுபிடித்ததே தாம்தான் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டு அவிழ்த்து வீடு திரும்பிய பவளத்தின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது என்ன? அரிசி டின்மேல் பூப்போட்ட துணி, துணிமேல் போன், போனுக்குப் பின்னால் அதே வயர். உலை கொதித்தது. டின்னைத் திறக்கப் போனாள்.

"தொடாத. அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்லா."

"அப்ப அரிசி?"

"வேற டின்னு வாங்கிக்கலாம்."

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டில், ஓடாத ஏதோ ஒன்றின்மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு வந்து சிரியுங்கள்.