கொச்சியிலிருந்து ஐம்பது நிமிடம்

எனக்கு வரும் கோபம் ஒரு டம்ளர் காப்பியில் அடங்கிவிடும். ஒரே ஒரு இணையப் பக்கத்தின் மேல் வந்தது மட்டும் எட்டு வருஷமாக அடங்கவில்லை. கொச்சி விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் இடையே இருநூற்று நாற்பது கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம் என்று அதில் போட்டிருந்தான். போட்டவன் கையில் கிடைத்தால் துறைமுகத்தில் தள்ளிவிடுவேன்.

அப்போது நான் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. வரைபடத்தில் கோடு போட்டு, தூரத்தை வேகத்தால் வகுத்து, போய்ச்சேரும் நேரத்தைச் சொல்வதுதான் என் வேலை. (அதற்கு இரண்டு மடங்கு தலைக்கனம்.) எங்கள் கடற்கரைக் குடும்பங்களில் எல்லோருக்கும் இந்தப் புத்தி உண்டு. கடலில் கோடு போட முடிந்தால் கப்பல் போகும்.

தூத்துக்குடியில் இருக்கும் செல்வி அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பனாக நான்தான் நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். எனக்காக அதை இரண்டு முறை தள்ளிவைத்தாள். கொச்சியில் கப்பலை விட்டு இறங்கியதும் போன் செய்தேன்.

"ஏலே, நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோயில்ல இருக்கணும். இப்பவே பஸ் ஏறிரு."

"எக்கா, பஸ்ஸெல்லாம் உங்களுக்கு. நான் காலைல இங்கன இட்லி தின்னுட்டுப் பிளைட்ல வாரேன். அம்பதே நிமிஷம்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, குழந்தைக்கு வாங்கிய வெள்ளை கவுனோடு விமான நிலையத்தில் போய் நின்றேன். டிக்கெட்டை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

"சார், தூத்துக்குடிக்கு இங்கிருந்து பிளைட்டே கிடையாது" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"ஐம்பது நிமிஷம்னு போட்டிருக்கே!"

"பறந்தா ஐம்பது நிமிஷம் சார். பறக்கறதில்ல."

சென்னை போய் மாற வேண்டுமாம், அதற்கும் மறுநாள்தான் இடமாம். அவளிடம் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள்? ஒரு டாக்சியைப் பிடித்து மலைப்பாதையில் ஏறினேன். முன்னால் போன ஒவ்வொரு லாரியையும் திட்டினேன். பதினோரு மணிக்கு ஆரியங்காவில் சிக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"எங்கன நிக்க? பங்குச் சாமியாருக்குப் பன்னெண்டு மணிக்கு மாப்பிள்ளையூரணில கல்யாணப் பூசை. இனிக் காத்திருக்க முடியாதுங்காரு."

"எக்கா, இன்னும் நாலு மணி நேரம்..."

அவள் திட்டவில்லை. அழுதாள். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஞானத்தகப்பனாக நின்றவன் மச்சானின் தம்பி ஜெரால்டு. சும்மா பிரியாணி தின்ன வந்தவன்! கவுன் என் பையில் இருந்ததால், குழந்தையை அக்காவின் வெள்ளைத் துப்பட்டாவில் சுற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். நான் போய்ச்சேரும்போது பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் தாமதமாக வந்தாலும், "கொச்சியிலேர்ந்தா வாரிய?" என்றுதான் கேட்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

போன மாதம் அந்தக் குழந்தை, இப்போது மூன்றாம் வகுப்பு, செல்போனோடு என்னிடம் வந்தாள். அதே பக்கம். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"மாமா, அம்பது நிமிஷந்தான போட்டிருக்கு? பெறகு ஏன் என் ஞானஸ்நானத்துக்கு நீங்க வரல?"